அறுபடாத குழாய்கள்

வைஜெயந்தியை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். கிருமாம்பாக்கத்தைத் தாண்டி, கடலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் நான் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். இங்கே எழுதியிருப்பதில் பாதி நான் பார்த்தது. மீதி அவர் சொன்னது. எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க சார். நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

அவர் பிறந்தது மடுகரையில். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். பத்து வயதில் அப்பாவும் இறந்தார். ஒரே அக்கா சிந்தாமணி. ஒன்பது வயது மூத்தவர். அப்போதுதான் பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள், யார் வீட்டில் இந்தப் பெண்ணை விடுவது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அக்காள் புருஷன் சுப்புராயன் எழுந்து போய் அவருடைய துணிகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாராம். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வைஜெயந்தி பின்னாலேயே ஓடினார்.

சுப்புராயனுக்கு அப்போது இருபத்தேழு வயது. இரண்டு காணி நிலம், ஒன்றில் கரும்பு, ஒன்றில் நெல். அதிகம் பேசாத மனிதர். பத்தாவது முடித்ததும் வைஜெயந்திக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. மொபெட்டில் உட்காரவைத்துப் பெண்கள் பாலிடெக்னிக்குக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றார். எலக்ட்ரானிக்ஸில்தான் இடம் இருந்தது. சரி, அதையே படி என்றார். அப்படிப் படித்து, வில்லியனூரில் ஒரு டிவி சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, அது மூடப்பட்டபின் வீட்டில் இருந்து, கடைசியில் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார் வைஜெயந்தி. அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி ஒரு மகள் இருந்தாள். கணவர் குமரவேல் மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் பேராசிரியர் சூசைநாதன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவர் சலிக்காமல் விளக்குவார். லேசர் ஒளியை, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும், தோல் வழியாக உள்ளே பாய்ச்சுகிறோம். ரத்தம் அந்த ஒளியைக் குடிக்கிறது. குடித்ததும் துளியிலும் துளியாகச் சூடேறி விரிகிறது. விரியும்போது ஒரு சத்தம் எழுகிறது, நம் காதுக்குக் கேட்காத சத்தம். வயிற்றை ஸ்கேன் எடுக்கிற கருவி மாதிரி ஒன்று அந்தச் சத்தத்தை வாங்கிப் படமாக்குகிறது. ஊசி வேண்டாம், மருந்து ஏற்ற வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். ரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்று வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்க்க இது உதவும் என்பது அவருடைய நம்பிக்கை.

நம்பிக்கை சரி, படம்தான் வரவில்லை. முதல் வருடம் திரையில் தெரிந்ததெல்லாம் கலங்கிய மடைத்தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் குழப்பம். ரத்தத்தின் சத்தம் அவ்வளவு மெல்லியது. அதைவிடப் பெரிய சத்தங்கள் எல்லாப் பக்கமும் இருந்தன.

அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தவர் வைஜெயந்தி. படத்தில் சில வேளைகளில் மட்டும் குறுக்குக் கோடுகள் விழுவதையும், அந்த வேளைகளில் எல்லாம் தோட்டத்து போர் மோட்டார் ஓடுவதையும் கவனித்தார். எர்த் கம்பியைத் தனியாக இழுத்துக் கட்டினார். கோடுகள் போயின. தொட்டித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ்கள் சத்தத்தை மறிக்கின்றன என்று தெரிந்ததும், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து மூடிவைத்துப் பயன்படுத்த ஆரம்பித்தார். பாதம் அசைந்தால் படம் குழம்பும்; அதற்காகத் தெர்மகோலில் கால் வைக்க ஒரு அச்சு செதுக்கினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் படம் ஒரு படி தெளிந்தது. டிவி ரிப்பேர் செய்த கை இது என்று சூசைநாதன் வருபவர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அவர் செய்த இன்னொரு வேலைதான் இந்தக் கதைக்கு முக்கியம். எடுத்த எடுப்பில் மனிதர்களை வைத்துப் பழக முடியாதல்லவா? அதனால் சதையைப் போல ஒன்று செய்துகொள்வார்கள். கடற்பாசித் தூளைக் காய்ச்சி, கொஞ்சம் பாலும் ஒரு சொட்டு கறுப்பு மையும் கலந்து, அச்சில் ஊற்றி ஆறவைத்தால் சதை மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். உள்ளே நூல் மாதிரி மெல்லிய குழாய்களைப் பதித்து, கறிக்கடையிலிருந்து வாங்கிவந்த ஆட்டு ரத்தத்தை உறையாமல் இருக்க மருந்து சேர்த்து அதில் நிரப்புவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு. வாட்ச்மேனிலிருந்து பேராசிரியர் வரை எல்லாரும் 'அல்வா' என்றுதான் சொன்னார்கள்.

வைஜெயந்தியின் அல்வாவில் பிசிறு இருக்காது. குழாயில் எங்காவது காற்று புகுந்து ரத்தம் இரண்டாகப் பிரிந்து நின்றால், அந்தக் கட்டியை அப்படியே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு செய்வார். மை கூடி மேல்பரப்பு கறுத்துப்போனாலும் அப்படித்தான். அதில் படம் மங்கும். ஆறு வருடத்தில் ஆயிரத்துக்குப் பக்கமாகச் செய்திருப்பார். அத்தனையிலும் குழாய்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் ஓடின.

அந்தப் படங்களை வைத்துத்தான் தமிழ்க்குமரன் தன் புரோகிராமுக்குப் பாடம் நடத்தினான். வில்லியனூர்க்காரன், பி.எச்.டி. மாணவன், நல்ல உழைப்பாளி. மங்கலான படத்தையும் உள்ளே உண்மையில் குழாய் எப்படி இருக்கிறது என்பதையும் ஜோடி ஜோடியாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மங்கலை மட்டும் கொடுத்தாலே அது தெளிவைத் தானாக வரைந்துவிடும் என்றான். அல்வா படங்கள் போதாமல் நாங்கள் சிலரும் கையை நீட்டினோம். என் இடது முன்கையும் அதில் இருக்கிறது. மற்றபடி மாணவர்கள், ஆபீஸ் பெண்கள். எல்லாம் நிழலில் வேலை பார்க்கிற கைகள்.

புரோகிராம் வேலைசெய்ய ஆரம்பித்த நாளில் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். திரையின் இடது பாதியில் பழைய குழப்பம். பத்து நொடி கழித்து வலது பாதியில், வேரும் கிளையுமாக ஒரு முழு மரம் போல என் கையின் ரத்தக் குழாய்கள். வைஜெயந்தி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது சர்க்கரை நோயாளிகள். 2022 ஆனி மாதம் பாகூர்ப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டார்கள். முறைப்படி ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, தமிழில் படிவம் அச்சிட்டு, ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். 'இது ஆராய்ச்சி மட்டுமே. வைத்தியம் அல்ல. இதன் முடிவு உங்களுக்குச் சொல்லப்பட மாட்டாது. கால் தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் செல்லவும்.' அந்தப் படிவத்தை வாசித்துக் காட்டும் வேலை வைஜெயந்தியுடையது. முப்பது நாற்பது தடவை வாசித்திருப்பார்.

முதல் நாள் கூட்டம் சேரவில்லை. லேசர் என்றதும் பயந்தார்கள். மதியம் வைஜெயந்தி அக்காவுக்குப் போன் செய்து, மாமாவை வரச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சுப்புராயனுக்குச் சர்க்கரை பதினைந்து வருடமாக இருந்தது. கொஞ்ச நாளாக வரப்பில் நடக்கும்போது இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடக்கிறார் என்பது சிந்தாமணிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டிருந்தார், இவர் நகரவில்லை. மச்சினி கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே இன்னும் நாலு பேரையும் கூட்டிவந்தார்.

அவருடைய பாதம் வெயிலில் நாற்பது வருடம் வெந்த பாதம். அந்த மாதிரித் தோலில் ஒரு சிக்கல் உண்டு. கறுத்த தோல் ஒளியை மேலேயே குடித்துவிடுகிறது. உள்ளே போவது குறைவு. அதோடு, தோலே பெரிதாகச் சத்தம் போடுகிறது. அந்தச் சத்தத்தின் எதிரொலி கீழே இல்லாத கோடுகளாகப் படத்தில் விழுகிறது. வைஜெயந்திக்கு இது தெரியும். இடது பக்கத் திரையில், பாதத்தின் மேல்புறம் ஓடவேண்டிய குழாய் கணுக்கால் வரை தெரிந்து, பிறகு மங்கி, ஒரு கட்டைவிரல் நகத்தளவுக்கு எதுவுமே இல்லாமல் இருந்ததையும் அவர் பார்த்தார். தோல் மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பத்து நொடியில் வலது பக்கம் படம் வந்தது. கணுக்காலிலிருந்து விரல் வரை அழகாக, அறாமல், ஒரே ஓட்டமாக ஒரு குழாய்.

சுப்புராயன் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார்.

"இன்னா வைஜெயந்தி, எப்பிடி கீது?"

படிவத்தில் எழுதியிருந்ததை அன்று காலையிலிருந்து அவர் நாலைந்து பேருக்கு வாசித்திருந்தார். இருந்தாலும், தன் பெட்டியைத் தோளில் தூக்கித் தன்னைக் கூட்டிவந்த மனிதர் கேட்கும்போது படிவமா நினைவுக்கு வரும்? என்னிடம் இதைச் சொல்லும்போது, "பெருமை சார், வேற ஒண்ணுமில்ல. நான் செஞ்சத அவருக்குக் காட்டணும்னு இருந்துச்சு" என்றார்.

அவர் சொன்ன பதில் இது: "ரத்தம் நல்லா ஓடுது மாமா. விரல் வரைக்கும் போவுது, பாருங்க."

வலது பக்கப் படத்தை மட்டும் தன் செல்போனில் எடுத்து அவருக்கு அனுப்பியும் வைத்தார். சுப்புராயன் அதை டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினாராம். என் மச்சினி எடுத்தது, காலுக்குள்ள ஓடுற ரத்தத்தையே போட்டோ புடிச்சிட்டா என்று.

தை கடைசியில் கரும்பு வெட்டு வந்தது. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு கிடைப்பதற்கே அந்த வருடம் தாமதம். ஆள் பிடித்து, லாரி பிடித்து, அலைச்சல். அப்போது வெட்டிய கரும்பின் கட்டை ஒன்று சுப்புராயனின் இடது சுண்டு விரலுக்குப் பக்கத்தில் குத்தியது. வலி இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அங்கேதான் வினை. மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது, புண் ஆறவில்லை. நாலாவது வாரம் விரல் கறுத்தது. காய்ச்சல் வந்து நினைவு தடுமாறியபோதுதான் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வைஜெயந்தி லீவு போட்டுவிட்டு ஓடினார். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அக்கா தங்கை இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பாதத்துக்குப் போகிற குழாய் கணுக்காலுக்குக் கீழே அடைத்திருக்கிறது. இன்று நேற்று அடைத்தது இல்லை, எட்டு மாதம், ஒரு வருடம் ஆகியிருக்கும். புண் வந்ததும் வந்திருந்தால், இல்லை, கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தபோதே வந்திருந்தால், பலூன் விட்டு அடைப்பைத் திறக்கப் பார்த்திருக்கலாம். இப்போது விஷம் மேலே ஏறுகிறது, உயிரைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

கணுக்காலுக்குக் கீழே என்று மருத்துவர் சொன்ன இடத்திலேயே வைஜெயந்தியின் மனம் நின்றுவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, நாலாம் நாள் நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். முகாமின் பழைய கோப்பைத் திறந்து மாமாவின் பாதத்தை எடுத்தார். இடது பக்கப் படத்தை மட்டும் பெரிதாக்கினார். கணுக்கால் வரை கோடு. பிறகு, நகத்தளவு, ஒன்றும் இல்லை. அந்த இல்லாத இடத்தில்தான் புரோகிராம் ஒரு குழாயை வரைந்திருந்தது.

அன்றே வேலையில் இறங்கினார். கடற்பாசியைக் காய்ச்சினார். பால் ஊற்றினார். இந்தத் தடவை குழாய்களை நடுவில் மெழுகு வைத்து அடைத்துப் பதித்தார். ஒன்பது கட்டிகள். மறுநாள் அவற்றைப் படமெடுத்துப் புரோகிராமில் விட்டார். ஒன்பதில் ஏழில் அடைப்பு காணாமல் போய், குழாய் முழுசாக வந்தது. பிறகு அதே கட்டிகளின் மேல் மை கூட்டிக் கறுப்பாக ஒரு படலம் ஊற்றி எடுத்தார். ஒன்பதும் முழுசாக வந்தன.

புரோகிராம் பொய் சொல்லவில்லை, அதற்கு வேறு தெரியாது என்று அவருக்குப் புரிந்தது. ரத்தக் குழாய் என்றால் அறாமல் ஓடுவது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அறுந்த குழாய் உள்ள கட்டிகளை ஆறு வருடமாகக் குப்பையில் போட்டவர் அவர். கறுத்த கட்டிகளையும்.

தமிழ்க்குமரனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவன் நீண்ட நேரம் ஒன்பது படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவனுடைய கட்டுரை ஒரு பெரிய இதழில் ஏற்கப்பட்டு, அச்சுக்குப் போகக் காத்திருந்தது. அதை நம்பி வெளிநாட்டில் ஒரு வேலைக்கும் எழுதிப்போட்டு, கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இதச் சரி பண்ணிக்கலாம். ஆனா இது ஆராய்ச்சிதானேக்கா. நாம யாருக்கும் ரிசல்ட் சொல்லலையே."

"நான் சொன்னேன் தமிழு" என்றார் வைஜெயந்தி.

அவனுக்குச் சுப்புராயனின் கால் போன விஷயம் தெரியும். அந்தக் கால்தான் இது என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

சூசைநாதனிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது என்றார் வைஜெயந்தி. அன்று சாயங்காலமே சூசைநாதன் இதழுக்குக் கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அனுமதி கொடுத்த குழுவுக்கும் நடந்ததை எழுதினார். குழு வைஜெயந்தியிடம் விளக்கம் கேட்டது. அவர் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். ஒரு சாக்குப்போக்கும் அதில் இல்லை. ஆறு மாதம் அவர் முகாம் எதற்கும் போகக்கூடாது என்று முடிவானது. அந்த முகாமில் கால் காட்டிய முப்பத்தெட்டுப் பேரையும் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். மற்ற முப்பத்தேழு பேரில் இரண்டு பேருக்கு அடைப்பு ஆரம்பித்திருந்தது. அவர்களுக்கு வைத்தியம் கிடைத்தது. இதை நான் ஆறுதலாகச் சொல்லப்போனபோது அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

மாமாவிடம் சொல்லவேண்டிய வேலை பாக்கி இருந்தது. அவர் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் வரை வைஜெயந்தியால் முடியவில்லை. வாரா வாரம் போவார். மருந்து வாங்கிக்கொடுப்பார், புண்ணுக்குக் கட்டு மாற்ற உதவுவார், விஷயத்தைச் சொல்லாமலே திரும்புவார். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுப்புராயன் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். படம் தப்பு. அது தப்பு என்று நினைக்க எனக்கு ஒரு காரணம் கண் முன்னாலேயே இருந்தது. அதைப் பார்த்தும் நல்லா ஓடுது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சுப்புராயன் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீ சொல்லித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவலன்னு நெனச்சிக்கினு இருக்கிறியா? எனக்குப் போவப் புடிக்கல. போனா கால எடுக்கணும்பான்னு பயம். நீ சொன்னது எனக்கு ஒரு சாக்கா போச்சு."

வைஜெயந்தி அழுதார். அவர் அழட்டும் என்று விட்டுவிட்டு, உரித்த கடலையை ஒரு கிண்ணத்தில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார் சுப்புராயன். விஷயம் அதோடு முடிந்திருந்தால், மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று வைஜெயந்தி வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் சமையலறை வாசலில் சிந்தாமணி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அவருக்குச் சாக்கு" என்றார் சிந்தாமணி. "எனக்கு இன்னாடி அது? தெனம் கூப்டுக்கினே இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வாங்க, வாங்கன்னு. ஒவ்வொரு தபாவும் செல்போன எடுத்து உன் போட்டோவக் காட்டுவாரு. படிச்சவ சொல்லிட்டா, நீ இன்னா டாக்டரான்னு கேப்பாரு. என் வாய அடைச்சது அந்தப் போட்டோதான்."

சுப்புராயன் மனைவியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அதை மறுக்கவில்லை. சிந்தாமணி கத்தவில்லை, கறிக்கு உப்புப் பார்க்கச் சொல்கிற குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று வைஜெயந்திக்குச் சோறு போட்டார், ரசம் ஊற்றினார், போதுமா என்று கேட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை. தன்னைப் பத்து வயதிலிருந்து தலைவாரி வளர்த்த அக்கா, அன்றிலிருந்து தன்னோடு தேவைக்கு மட்டுமே பேசுகிறார் என்பதுதான் வைஜெயந்தியை இன்றுவரை தின்கிறது. "மாமா மன்னிச்சாரு. அவரு காலு. ஆனா அக்கா ஒரு வருசம் சரியாத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு சார். சரியாச் சொன்னவங்க வாய நான் அடைச்சேன்" என்றார் ஒருநாள் பஸ்ஸில்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. வைஜெயந்தி மறுபடி அல்வா செய்தார். இந்தமுறை மெழுகு அடைத்தவை, பாதி அடைத்தவை, காற்று புகுந்தவை, மை கூடியவை, எதையும் எறியவில்லை. வயலில் வேலை செய்பவர்களையும் கடலுக்குப் போகிறவர்களையும் கேட்டுக் கேட்டுக் கால் கைகளைப் படமெடுத்தார்கள். தமிழ்க்குமரன் புரோகிராமை மாற்றினான். சத்தம் போதாத இடத்தில் இனி அது எதையும் வரைவதில்லை. அங்கே சாம்பலாக ஒரு திட்டு விட்டுவிடுகிறது. எனக்குத் தெரியாது என்று அர்த்தம். எடுத்த மங்கல் படமும் புரோகிராம் வரைந்த படமும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் திறக்கும். ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

படங்கள் முன்பு போல அழகாக இல்லை. அழுக்குத் துணியில் விழுந்த கறை மாதிரித் திட்டுத் திட்டாக இருக்கின்றன. நிதி தருகிறவர்கள் வந்து பார்த்தபோது, இரண்டு வருடத்துக்கு முன்னால் இதைவிட நன்றாக இருந்ததே என்று ஒருவர் கேட்டாராம். சூசைநாதன் பொறுமையாக விளக்கினார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த தவணை பாதியாகத்தான் வந்தது.

தமிழ்க்குமரனின் வெளிநாட்டு வேலை போய்விட்டது. பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அவன் வைஜெயந்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்து கேட்காமலே எடுத்துச் சாப்பிடுவான். இப்போது கேண்டீனுக்குப் போகிறான். இதையும் அவர்தான் சொன்னார்.

சென்ற வருடக் கடைசியில் கட்டுரை மறுபடி தயாரானது. இந்த முறையில் எங்கே தவறு நடக்கும் என்பதையே அதில் முதலில் எழுதியிருந்தார்கள். அதற்கு ஒரு படம் வேண்டும், உண்மையான காலின் படம். சூசைநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். பெயர் போட மாட்டோம், ஆனால் அவருடைய கையெழுத்து வேண்டும், நீங்கள் கேட்பது கஷ்டம் என்றால் நான் போகிறேன் என்றார். நானே போகிறேன் என்றார் வைஜெயந்தி.

பாகூருக்கு அவரோடு நானும் போனேன். சுப்புராயன் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். வைஜெயந்தி படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டினார், ஒரு வரி விடாமல். பிறகு இரண்டு படங்களையும் காட்டினார். வெட்டுப்பட்ட கோடு ஒன்று, அதைச் சேர்த்து வரைந்த கோடு ஒன்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அறுந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கியா?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"போடச் சொல்லு. அந்தக் காலு எங்கியாச்சும் இருந்துட்டுப் போவட்டும்."

சிந்தாமணி எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். என்னிடம் ஊரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். தங்கையிடம், வரும்போது பெருங்காயம் வாங்கி வரச் சொன்னேனே, வாங்கினாயா என்று மட்டும் கேட்டார். வைஜெயந்தி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார், அக்கா இன்னும் ஏதாவது கேட்பார் என்று. பிறகு படிவத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம்.